முதல் தடவ இமயமலை ட்ரெக் போறவங்களுக்கு: ஹர் கி தூன் போயிட்டு வந்தது, கூட்டிட்டு போனவங்க சர்வீஸ் எப்படி

மே மாசம் ட்ரெக் போயிட்டு வந்து நாலு போட்டோ ஸ்டேட்டஸ்ல போட்டேன், அன்னையிலேர்ந்து ஸ்கூல் டீச்சருங்க, பக்கத்து வீட்டு பொண்ணு, எங்க சித்தி பையன்னு ஆளாளுக்கு போன். எந்த ட்ரெக், எவ்ளோ ஆச்சு, எந்த கம்பெனி, எங்களால முடியுமா. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதான் மொத்தமா இங்க எழுதுறேன். நீளமா தான் வரும், ஆனா பத்தாயிரம் அடிக்கு மேல போறதுக்கு காசு கட்டப்போறவங்க முழுசா படிச்சிட்டே கட்டுங்க.

நான் பர்கூர் பக்கம் அரசு பள்ளியில சயின்ஸ் டீச்சர், வயசு 42, வீடு கிருஷ்ணகிரி டவுன்ல. கூட வந்தது என் நாத்தனார், 28 வயசு, ஓசூர்ல ஒரு கம்பெனியில வேல, ரெண்டு வருஷமா ஜிம் போறவ. ரெண்டு பேருக்குமே இது தான் முதல் பெரிய மலை. போனது உத்தரகாண்ட்ல உத்தரகாசி மாவட்டத்துல இருக்குற ஹர் கி தூன், டேராடூன்லேர்ந்து கிளம்பி திரும்ப டேராடூன் வர 7 நாள், ஆளுக்கு 14,500 ரூபா, அதுக்கு மேல 5 சதவீதம் ஜிஎஸ்டி. சர்வீஸ்க்கு 5க்கு 4 குடுப்பேன். ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னு கீழ வருது, அத விட முக்கியம் அந்த 4 எதுக்குன்றது.

மொதல்ல எந்த ட்ரெக்ன்ற கதை. எல்லாரும் போட்டோ பாத்து தான் ஆரம்பிக்கிறோம், நானும் அப்படித்தான், ஹம்ப்டா பாஸ் வீடியோ பாத்து அதுல விழுந்துட்டேன். குல்லு பக்கம் பச்சப்பசேல்னு ஏறி 14,000 அடி கணவாய தாண்டினா அந்தப் பக்கம் லாஹௌல், ஒரு புல்லு இல்லாம மொட்ட மலையா நிக்கும், மழை மேகத்த பீர் பஞ்சால் மலைத்தொடர் தடுத்துடுறதால அப்படி. ஒம்பதாம் கிளாஸ் பசங்களுக்கு மழை மறைவு பிரதேசம்னு போர்டுல படம் போட்டு சொல்லிக்குடுத்தத கண்ணால பாக்கணும்னு ஆச. ஆனா ஹம்ப்டா ஜூன் நடுவுல தான் ஒழுங்கா திறக்கும், அதுக்கு முன்னாடி கணவாய்ல பனி கெடக்கும். எங்களுக்கு ஜூன் மொத வாரம் ஸ்கூல் திறந்துடும். ஆக டீச்சர் வேலையில இருக்கறவங்களுக்கு, பசங்க பரீட்சை முடிஞ்சு குடும்பமா போறவங்களுக்கு, மே மாசத்துல எது நடக்கும்ன்றது தான் மொத கேள்வி. பூக்களின் பள்ளத்தாக்கும் அதே கத தான், ஜூன் 1 திறப்பாங்க, ஆனா பூ பாக்கணும்னா ஜூலை ஆகஸ்ட்ல மழையில போகணும். லீவு தேதிய பேப்பர்ல எழுதி வச்சிக்கிட்டு அதுக்கப்புறம் போட்டோ பாருங்க, பாதி லிஸ்ட் தானா அடிபடும்.

மே மாசத்துக்கு மிஞ்சுனது கேதார்கந்தா, தயாரா புக்யால், ஹர் கி தூன், சார் பாஸ், மே கடைசின்னா மணாலி பக்கம் பிருகு ஏரி. கேதார்கந்தா 12,500 அடி, அது பேரு வாங்குனதே குளிர்கால பனிக்கு, மே கடைசில பனி பெருசா இருக்காது. சார் பாஸ் கிட்டத்தட்ட 13,800 அடி, யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் கசோல்லேர்ந்து வருஷா வருஷம் மே மாசம் கூட்டிட்டு போறாங்க, செலவு ரொம்ப கம்மி, காலேஜ் பசங்களுக்கு நான் அதான் சொல்வேன், ஆனா பனியில நிறைய நடக்கணும், எனக்கு மொத தடவையே அது வேணாம்னு தோணுச்சு. பிருகு ஏரி தான் எல்லாரும் ஈஸி ஈஸின்னு சொன்னது, மூணு நாலு நாள்ல முடியுது, லீவும் மிச்சம்.

இங்க தான் நான் கொஞ்சம் நின்னு யோசிச்சேன். மணாலி ஊரு சுமார் 6,700 அடி. பிருகு ஏரி 14,000 அடி. மூணு நாளுக்குள்ள அந்த ஏத்தம். ட்ரெக் சின்னதா இருக்குன்னா ஈஸின்னு அர்த்தம் கெடயாது, உடம்புக்கு குடுக்குற டைம் கம்மின்னு அர்த்தம். மலை மேல போனாலும் காத்துல ஆக்சிஜன் அதே 21 சதவீதம் தான், ஆனா காத்தழுத்தம் கொறைஞ்சிடும், 11,700 அடில கடல்மட்டத்துல இருக்குறதுல ஏறக்குறைய 65 சதவீதம் தான் இருக்கும், ஒவ்வொரு மூச்சுலயும் அவ்ளோ கம்மியா கிடைக்கும். உடம்பு அதுக்கு பழகும், ஆனா மெதுவா தான் பழகும். 10,000 அடிக்கு மேல போனா ராத்திரி தூங்குற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாதுன்றது தான் டாக்டருங்க சொல்ற கணக்கு. பகல்ல எவ்ளோ ஏறுறோம்ன்றத விட ராத்திரி எங்க படுக்குறோம்ன்றது தான் விஷயம். எந்த விளம்பரத்துலயும் இத பெருசா போடமாட்டாங்க, உச்சி எத்தன அடின்னு தான் போடுவாங்க.

அப்படி ஒரு நோட்டுல ஒவ்வொரு ட்ரெக்குக்கும் ராத்திரி தூங்குற உயரத்த மட்டும் எழுதிப் பாத்தேன். ஹர் கி தூன் மொத நாள் சாங்க்ரி கிராமம் 6,400 அடி, ரெண்டாவது ராத்திரி பௌனி கராட் 8,200 அடி, மூணாவது கல்கட்டியாதார் பத்தாயிரத்துக்கு கொஞ்சம் கீழ, நாலாவது நாள் பகல்ல ஹர் கி தூன் 11,700 அடி வரைக்கும் ஏறிட்டு அன்னைக்கே கீழ எறங்கி அதே கேம்ப்ல தூக்கம். ஏணிப்படி மாதிரி சீரா இருந்துச்சு. அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் கம்பெனி. மொதல்ல பேசுன ஒரு கம்பெனி பேரு சொல்லல, போன்ல பேசுன ஆளு நான் மே கடைசி வாரம்னு சொன்னதுமே ஹம்ப்டா ஓப்பன் தான் மேடம், தாராளமா வாங்க, இன்னிக்கே கட்டுனா 2,000 கம்மின்னாரு. கணவாய்ல பனி எவ்ளோ இருக்கு, யாரு போய் பாத்துட்டு வந்தாங்கன்னு கேட்டேன், எங்க டீம் பாத்துக்கும்னாரு, அவ்ளோ தான் பதில். ரெண்டாவது பேசுன கம்பெனி, நாங்க போனது இவங்க கூட தான், அந்த பொண்ணு எடுத்ததுமே என் வயசு, பிபி, சுகர், இதுக்கு முன்னாடி எவ்ளோ உயரம் போயிருக்கேன்னு கேட்டுச்சு. டாக்டர் சர்டிபிகேட் இல்லாம ஏத்தமாட்டோம், 5 கிலோமீட்டர 40 நிமிஷத்துல முடிக்கிற அளவுக்கு வந்துட்டு போன்ல தூரமும் நேரமும் காட்டுற ஆப் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கன்னு சொல்லுச்சு. என்னடா இது காசு குடுக்குறவங்கள பரீட்சை வைக்கிறாங்களேன்னு என் நாத்தனாருக்கு கோவம். எனக்கு அப்பவே பிடிச்சு போச்சு.

நான் ஒரு கேள்வி கேட்டேன், நீங்களும் கட்டாயம் கேளுங்க. வழியில ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாம போனா அவங்கள கீழ கூட்டிட்டு போறது யாரு, அப்படி அவரு போயிட்டா மேல மிச்சம் இருக்கறவங்க கூட யாரு இருப்பா? அந்த பொண்ணு யோசிக்காம சொல்லுச்சு, 14 பேருக்கு ஒரு லீடர் ரெண்டு கைடு, ஒருத்தர் எறங்குனாலும் மேல ரெண்டு பேர் இருப்பாங்க, ஒவ்வொரு கேம்ப்லயும் சமையல் ஆளுங்க சீசன் முழுக்க தங்கியிருப்பாங்கன்னு. இந்த பதிலுக்கு தான் நான் பணம் கட்டுனேன்னு வச்சுக்குங்க.

வீட்ல மாமியார சமாளிக்கிறது தனி வேல. 2024 ஜூன்ல உத்தரகாசி மாவட்டத்துலயே சஹஸ்த்ர தால் ட்ரெக் போன கர்நாடகா ஆளுங்க 9 பேரு மோசமான வானிலையில மாட்டி இறந்து போனாங்க, பெங்களூர் நமக்கு பக்கம்ன்றதால இங்க அந்த செய்தி ரொம்ப பேசுனாங்க, அத்தைக்கு அது மனசுல அப்படியே நின்னுடுச்சு. "ஏம்மா, ரெண்டு பொம்பளைங்க தனியா போயி அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரக் கேக்குறது, உம் புருஷனாச்சும் கூட வரட்டுமே"ன்னாங்க. அவருக்கு மாங்கா சீசன், மே ஜூன்ல தோட்டத்த விட்டு நகரவே முடியாது, எங்க பக்கம் எல்லா வீட்லயும் அதே நெலம தானே. நான் அந்த நோட்ட எடுத்து அத்த பக்கத்துல உக்காந்து அந்த ட்ரெக் 14,000 அடிக்கு மேல போறது அத்த, நாங்க படுக்கப்போறது இந்த இடத்துல, இது ஊரு இருக்குற பள்ளத்தாக்குன்னு ஒண்ணொண்ணா காட்டுனேன். பயத்துல ஞாயம் இருக்கு, அத சும்மா பயப்படாதீங்கன்னு தள்ளிவிடக்கூடாது.

பயிற்சிக்கு வெளிய எங்கயும் போக வேணாம், நம்ம ஊர்லயே மலை இருக்கு. ரெண்டு மாசம் காலையில 5 மணிக்கு எந்திரிச்சு நட, ஞாயித்துக்கிழம கிருஷ்ணகிரி கோட்டமலை, மாசத்துக்கு ரெண்டு தடவ ராயக்கோட்டை கோட்டை. ராயக்கோட்டைல படியும் பாறையும் கலந்து வரும், முதுகுல 6 கிலோ பை, அதுல ரெண்டு லிட்டர் தண்ணி, ஏறி எறங்குனா முட்டி எப்படி இருக்குன்னு தெரிஞ்சிடும். தர்மபுரி பக்கம் இருக்கறவங்களுக்கு தீர்த்தமலை இருக்கு, வத்தல்மலை இருக்கு. ஏர்றத விட எறங்குறதுக்கு தான் பயிற்சி வேணும், அங்க கடைசி நாள் அழுதவங்க எல்லாம் எறங்கும்போது தான் அழுதாங்க. ஷூ பெங்களூர் டெக்கத்லான்ல வாங்குனோம், கணுக்கால் மறைக்கிறது, ஒரு சைஸ் பெருசு, போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வாங்கி போட்டு போட்டு பழக்கிட்டோம். புது ஷூவோட வந்த ஒரு தம்பிக்கு ரெண்டாவது நாளே ரெண்டு குதிகாலும் கொப்புளம்.

இப்ப நாங்க பண்ணுன தப்பு. லீவு மிச்சம் பண்றோம்னு பெங்களூர்லேர்ந்து டெல்லி பிளைட், அங்கேர்ந்து காஷ்மீரி கேட் போயி ராத்திரி பஸ், விடியகாலைல டேராடூன், ஆறரைக்கு ஸ்டேஷன் வாசல்ல ஜீப். சாங்க்ரி அங்கேர்ந்து 200 கிலோமீட்டர் இருக்கும், மசூரி, புரோலா, மோரின்னு வளைவா போயி பத்து மணி நேரம். ரெண்டு நாள் சரியா தூக்கமில்ல. நடுவுல பாத்ரூம் எங்க கிடைக்குமோன்னு என் நாத்தனார் தண்ணியே குடிக்கல. நான் சொல்லிக்கிட்டே வந்தேன், "போதும் அண்ணி, அப்புறம் எறங்கி எங்க போறது"ன்னு மூடி வச்சிட்டா. பொம்பளைங்க பஸ்லயும் கல்யாண வீட்லயும் பண்றது தான் இது, நம்ம ஊர்ல சாயங்காலம் வீட்டுக்கு வந்து குடிச்சா சரியாப்போயிடும், மலையில அது கணக்குல வந்துடும்.

மறுநாள் சாங்க்ரிலேர்ந்து ஜீப்ல தாலுகா வரைக்கும், ஊரு பேரே தாலுகா தான். அங்கேர்ந்து நடை, ஹர் கி தூனுக்கு ஒரு பக்கம் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். சூபின் ஆறு கூடவே வருது, சத்தம் நிக்கவே நிக்காது, தேவதாரு மரத்துக்கு நடுவுல வழி. கங்காட், ஓஸ்லா கிராமத்து வீடெல்லாம் மரமும் கல்லும் மாத்தி மாத்தி அடுக்கி கட்டுனது. ஓஸ்லால ஒரு பழைய மரக்கோயில் இருக்கு, வெளிய இருந்து வர்றவங்க அத துரியோதனன் கோயில்னு சொல்வாங்க, ஊர்க்காரங்க கிட்ட கேட்டா சோமேஸ்வர் கோயில்னு சொல்றாங்க. எனக்கு அங்க காலு நகரல. நான் பொறந்தது காரிமங்கலம் பக்கம், எங்க ஊர்ல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் படிச்சு, கூத்து விட்டு, கடைசி நாள் துரியோதனன் படுகளம் போடுவாங்க, மண்ணுல அவ்ளோ பெரிய உருவம் செஞ்சு படுக்க வச்சிருப்பாங்க, சின்ன வயசுல அப்பா தோள் மேல உக்காந்து பாத்திருக்கேன். இந்த பள்ளத்தாக்கு வழியா தான் தர்மர் சொர்க்கத்துக்கு நடந்தாருன்னு இங்க சொல்றாங்க, மேல தெரியுற சிகரத்துக்கு பேரே சுவர்க்கரோகிணி, 6,252 மீட்டர். தர்மபுரி பக்கத்து பொம்பள ஒருத்தி கூத்துல கேட்ட கதையோட கடைசி இடத்துல வந்து நிக்கிறேன்னு நெனச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு. உயரம் கம்மின்னு இந்த ட்ரெக்க நிறைய பேர் தள்ளிடுறாங்க. ஊருங்க, வயலு, ஆட்டுக்கார பசங்க, கத, இதெல்லாம் வழி நெடுக இருக்குற மலை இது, மொத தடவ போறவங்களுக்கு இத விட நல்ல இடம் எனக்கு தெரியல.

கம்பெனி ஆளுங்க தெனமும் காலையும் சாயங்காலமும் விரல்ல ஆக்ஸிமீட்டர் வச்சு, ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு பாத்து நோட்டுல எழுதுனாங்க. சாங்க்ரில எனக்கு 95, அவளுக்கு 96. மூணாவது நாள் சாயங்காலம் கல்கட்டியாதார்ல எனக்கு 89, அவளுக்கு 86. அந்த உயரத்துல நம்பர் கொறையுறது இயல்பு தான், ஆனா அவளுக்கு மத்தியானத்துலேர்ந்தே தலவலி, அத யார் கிட்டயும் சொல்லாம வந்திருக்கா. ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டா. டென்ட்ல படுத்துக்கிட்டு "லீடர் கிட்ட சொல்லாதீங்க அண்ணி, காலைல சரியாயிடும், சொன்னா மேல விடமாட்டாங்க"ன்னு கைய பிடிச்சுக்கிட்டா. நான் எந்திரிச்சு போயி சொல்லிட்டேன். அவ மொகத்த திருப்பிக்கிட்டா, பரவால்ல.

லீடர் சாங்க்ரி ஊர்க்கார தம்பி, இருபத்தஞ்சு வயசு தான் இருக்கும். உடனே வந்து அவளோட பேசுனாரு, கேள்வி கேட்டாரு, நேர்க்கோட்டுல நடந்து காட்ட சொன்னாரு, சூடா தண்ணி குடிக்க வச்சாரு, ராத்திரி ரெண்டு தடவ டார்ச் எடுத்துக்கிட்டு வந்து பாத்தாரு. காலைல ஒரு தடவ வாந்தி, தலவலி போகல. தீதி (ஹிந்தில அக்கா), இவங்க இன்னைக்கு மேல வரமாட்டாங்க, கீழ எறங்குறாங்கன்னு அவ்ளோ தான் சொன்னாரு, பேரமே இல்ல. அவ அழுதா, காசு கட்டியிருக்கேன்னா, அவரு அமைதியா மல எங்கயும் போகாது தீதின்னாரு. ஒரு கைடு அவ பையையும் சேத்து தூக்கிக்கிட்டு அவள பௌனி கராட் கேம்புக்கு கூட்டிட்டு கிளம்பிட்டாரு, 1,500 அடி எறக்கம். நானும் கூட எறங்குறேன்னு பைய மாட்டுனேன். அதுக்கு அவ, "நீங்க போங்க அண்ணி, நீங்க ராயக்கோட்டைல ஏறுனதெல்லாம் எதுக்கு, நீங்க பாத்துட்டு வந்து எனக்கு சொல்லுங்க"ன்னா. கீழ கேம்ப்ல ஆளு இருக்கு, அன்னைக்கு பின்னாடி பேட்ச்ல ரெண்டு புனே பொண்ணுங்க அங்க வர்றாங்க, அவங்க டென்ட்ல இவ தங்கலாம்னு லீடர் சொன்னதுக்கப்புறம் தான் நான் மேல நடந்தேன்.

ஜிம் போறவளுக்கு வந்துச்சு, 42 வயசுல எனக்கு வரல. இதுல என் தெறம எதுவும் இல்ல, இந்த மலை நோய்க்கு வயசும் தெரியாது தசையும் தெரியாது. உடம்பு ஃபிட்டா இருக்கறவங்க வேகமா ஏறிடுவாங்க, அதனாலயே அவங்களுக்கு வர்றதும் உண்டு. அதோட ரெண்டு நாள் தூக்கமில்ல, தண்ணி குடிக்கல. இந்த நோய் வராம இருக்க அசிட்டசோலமைட் மாத்திரைன்னு ஒண்ணு இருக்கு, டயமாக்ஸ்னு சொல்வாங்க, அத ஊர்லயே டாக்டர கேட்டு தான் எடுக்கணும், சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க கண்டிப்பா சொல்லணும். தலவலி இருக்கும்போது மேல ஏறக்கூடாது, அதிகமாச்சுன்னா எறங்கணும், இதுக்கு மேல பெரிய மருந்து எதுவும் கெடயாது.

ஹர் கி தூன் பத்தி என்ன சொல்றது. காலைல கிளம்பி ஏறி ஏறி ஒரு மேட்ட தாண்டுனதும் பள்ளத்தாக்கு ரெண்டா பிரியுது, நடுவுல பசும்புல்லு, அதுல ஆறு பல கிளையா ஓடுது, எதிர்ல வெள்ளையா சுவர்க்கரோகிணி. ஹர்னா சிவன், தூன்னா பள்ளத்தாக்கு, டேராடூன்ல இருக்குற அதே தூன். கீழ கேம்ப்லேர்ந்து ஒரு கருப்பு நாய் எங்க கூடவே வந்துச்சு, இங்கல்லாம் ட்ரெக் போறவங்க பின்னாடி நாய் வர்றது சகஜம்னாங்க. சொர்க்கத்து வாசல் வரைக்கும் தர்மர் கூட போனதும் ஒரு நாய் தானே. பையில கொண்டு போன நிப்பட்டுல ரெண்டு அதுக்கு குடுத்தேன், என் நாத்தனார் பங்குல. ஒரு மணி நேரம் யார் கிட்டயும் பேசாம உக்காந்திருந்தேன். இன்னும் மேல மரிண்டா தால்னு ஏரி இருக்கு, சில பேர் போனாங்க, நான் போகல.

சாயங்காலம் கேம்புக்கு எறங்கி வந்தா, அவள கீழ விட்டுட்டு அந்த கைடு அன்னைக்கே திரும்ப மேல ஏறி வந்துட்டாரு. போன் சிக்னல் கெடயாது, அதனால கையில ஒரு சீட்டு குடுத்தாரு. "அண்ணி, பத்தரைக்கு வந்துட்டோம், பாதி வழிலயே தலவலி விட்டுடுச்சு, கிச்சடி ரெண்டு தட்டு சாப்ட்டேன், மூணு லிட்டர் தண்ணி குடிச்சேன்"னு எழுதியிருந்தா. அந்த சீட்ட இன்னும் பர்ஸ்ல வச்சிருக்கேன். மேல சொன்ன 4 மார்க்கும் இதுக்கு தான்.

கொறச்ச ஒரு மார்க்குக்கு வர்றேன். பிரீஃபிங் முழுக்க ஹிந்தியில, நாங்க ரெண்டு பேர், கேரளா ஆளுங்க மூணு பேர், பாதி புரியாம முழிச்சோம், கேட்டதுக்கப்புறம் தான் இங்கிலீஷ்ல திரும்ப சொன்னாங்க. உடம்பு பத்தின விஷயத்த எல்லாருக்கும் புரியுற பாஷையில சொல்லியே ஆகணும், இது சின்ன குறை இல்ல. பைய குதிரையில ஏத்துறதுக்கு தனி காசுன்றத சாங்க்ரி வந்து தான் சொன்னாங்க, புக்கிங்லயே சொல்லியிருக்கணும். ஸ்லீப்பிங் பேக்ல ஒண்ணு ஜிப் போயிருந்துச்சு, கேட்டதும் மாத்துனாங்க. எனக்கு ரொம்ப வருத்தம் டாய்லெட் டென்ட்ல தான். குழி வெட்டி மண்ணு போட்டு மூடுற மாதிரி டென்ட், அது சுத்தமா தான் இருந்துச்சு, ஆனா ஒரு கேம்ப்ல ஓடையிலேர்ந்து 30 அடி எடுத்து வச்சா வந்துடுற தூரத்துல வச்சிருந்தாங்க. தண்ணியிலேர்ந்து 60 மீட்டர் தள்ளி இருக்கணும். கீழ ஓஸ்லாவும் கங்காடும் அந்த தண்ணிய நம்பி இருக்காங்க, நம்ம தென்பெண்ண ஆத்துல நுரை பொங்குறத வருஷம் தவறாம பாக்குறவங்க நாம, இன்னொரு ஊரு ஆத்துக்கு அத பண்ணக்கூடாது. லீடர் கிட்ட சொன்னேன், மறுநாள் எறங்குறதுக்குள்ள குழிய மூடிட்டு மேட்டுல வெட்டிட்டு இருந்தாங்க. சொன்னா கேக்குறாங்க, ஆனா சொல்ற வரைக்கும் ஏன் வச்சாங்கன்ற கேள்வி இருக்கு.

சாப்பாடு சூடா வயிறு நெறய. ராஜ்மா, ரொட்டி, கிச்சடி, காலைல சில நாள் கஞ்சி மாதிரி தலியா. சோறு கேட்டேன், குக்கர்ல வச்சு குடுத்தாங்க, அந்த உயரத்துல தண்ணி 90 டிகிரிலயே கொதிச்சிடும், தெறந்த பாத்திரத்துல அரிசி வேகவே வேகாது, ஸ்கூல் திறந்ததும் பசங்களுக்கு இத தான் மொத பாடமா சொன்னேன். நாங்க ராகி மாவு வறுத்து வெல்லம் போட்டு பொடியா எடுத்துட்டு போயிருந்தோம், சுடுதண்ணில கலக்குனா போதும், காலைல நடக்க நல்ல தெம்பு.

பொம்பளைங்களுக்கு தனியா. டென்ட் ரெண்டு பேருக்கு ஒண்ணு, பெண்கள தனியா தான் போட்டாங்க, கைடு எல்லாருமே ஆம்பளைங்க, ஒரு குறையும் இல்லாம மரியாதையா நடந்துக்கிட்டாங்க. மாதவிடாய் நாள் வந்துச்சுன்னா நாப்கின் அங்க குழியில போடக்கூடாது, பேப்பர்ல சுத்தி ஜிப் கவர்ல போட்டு டேராடூன் வரைக்கும் நம்மளே கொண்டு வரணும், அதுக்கு ரெண்டு மூணு கவர் ஊர்லேர்ந்தே எடுத்துட்டு போங்க. தண்ணி மட்டும் கொறைக்காதீங்க, வண்டிய நிறுத்த சொல்ல வெக்கப்படாதீங்க, நிறுத்துவாங்க. துணி பருத்தி வேணாம், வேர்வையில நனைஞ்சா காயாது, குளிரும். உள்ள தெர்மல், மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல ஜாக்கெட், மழைக்கு போன்ச்சோ. நம்ம ஊர்ல 39 டிகிரில கிளம்பும்போது இதெல்லாம் எதுக்குன்னு தோணும், அங்க ராத்திரி கை விறைச்சிடும். பகல்ல வெயிலும் ஏமாத்தும், மேல போகப்போக புற ஊதா கதிர் கூடும், தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாம என் மூக்கு தோல் உரிஞ்சிடுச்சு. பணம் கையில வச்சுக்குங்க, டேராடூன்லயே ஏடிஎம்ல எடுத்துடுங்க.

மொத்த செலவு ஆளுக்கு பிளைட் போக வர, பஸ், ட்ரெக், பை தூக்குறது, ஷூ, துணி எல்லாம் சேத்து 37,000 கிட்ட ஆச்சு. கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னும் ரயில் இல்ல, அதனால எப்படியும் பெங்களூர் போயி தான் ஆகணும். லீவு இருந்தா அங்கேர்ந்து டெல்லிக்கு ரயில்ல போங்க, காசு பாதியாகும், ஆனா டேராடூன் போயி ஒரு முழு ராத்திரி தூங்குறதுக்கு மட்டும் காசு மிச்சம் பாக்காதீங்க.

கம்பெனி பேரு ஏன் போடலன்னா, நான் பாத்தது ஒரு பேட்ச் ஒரு லீடர் தான், அடுத்த பேட்ச்ல வேற ஆளு வருவாங்க. அதனால பேர விட்டுட்டு, கீழ கூட்டிட்டு போறது யாருன்ற அந்த ஒரு கேள்விய நீங்க பேசுற எல்லா கம்பெனி கிட்டயும் கேளுங்க, பதில் சொல்ல எவ்ளோ நேரம் எடுத்துக்குறாங்கன்னு பாருங்க.

நாத்தனார் அடுத்த மே மாசத்துக்கு இப்பவே ஆபீஸ்ல லீவு சொல்லி வச்சிட்டா. அதே ஹர் கி தூன், அதே வழி. டேராடூன்ல ரெண்டு ராத்திரி ரூம் போட்டுட்டு தான் ஜீப் ஏறுவேன்னு சொல்லியிருக்கா, நான் சரின்னுட்டேன். போன ஞாயித்துக்கிழம காலைல ராயக்கோட்டை படில எனக்கு முன்னாடி தண்ணி பாட்டிலோட ஏறிட்டு இருந்தா.